யேலின் பெயரோடு 1687ஐயும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை தினத்தை ஒட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தில் எலிஹு யேல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நம்ம ஊரில் கவர்னராக இருந்தவர் பெயரில் அமெரிக்காவில் உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் சென்னைக்கும் பங்கு உண்டு, நாம் பெருமைப்படலாம் என்கிற தொனியில் கட்டுரை முடிந்திருந்தது. சொன்ன தகவல்கள் பெரும்பாலும் சரிதான். ஆனால் அவர் கவர்னராகப் பொறுப்பேற்ற அதே 1687ல் சென்னைக் கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள், அடிமைகளைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

யேலின் ஆரம்பகால வாழ்க்கையை உங்கள் கட்டுரையே நன்றாகச் சொல்லிவிட்டது. 1649ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தார், மூன்று வயதுக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது, அதற்கப்புறம் அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. 1672ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். அந்த வேலைக்குச் சம்பளம் வருஷத்துக்கு 10 பவுண்டு. ஆனால் கம்பெனி ஊழியர்கள் ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே சொந்த வியாபாரம் செய்துகொள்ள அனுமதி இருந்தது, காசு வந்ததெல்லாம் அந்த வழியில்தான். யேல் அதில் கெட்டிக்காரர். கோல்கொண்டா சுரங்கங்களின் வைரம், துணி, கப்பல் பங்கு என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். படிப்படியாக உயர்ந்து 1687 ஜூலையில் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னரானார்.

அந்த நேரத்தில் ஊர் எப்படி இருந்தது என்பதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. கடும் பஞ்சம். தமிழ், தெலுங்கு கிராமங்களிலிருந்து பசியோடு கிளம்பியவர்கள் கோட்டைப் பக்கம் வந்து குவிந்திருந்தார்கள். இன்னொரு பக்கம் ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவை முற்றுகையிட்டு, அந்த ஆண்டு செப்டம்பரில் பிடித்தும் விட்டது. ஆக பஞ்சமும் போரும் ஒன்றாகச் சேர்ந்து வந்த காலம். இப்படிப்பட்ட காலத்தில் சோழமண்டலக் கரையில் எப்போதும் நடந்த ஒன்று அப்போதும் நடந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் தங்களை விற்றார்கள், பெற்ற பிள்ளைகளை விற்றார்கள். வாங்குவதற்குக் கடற்கரையில் ஐரோப்பிய வியாபாரிகள் காத்திருந்தார்கள்.

கோட்டையில் கவர்னரும் ஆலோசனை சபையும் கூடிப் பேசியதையெல்லாம் அன்றன்றைக்கே குறிப்பேட்டில் எழுதிவைப்பது வழக்கம். 1687ஆம் ஆண்டுக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு தீர்மானம் இருக்கிறது. கொடிய பஞ்சத்தால் ஏழைகள் பெருகிவிட்டார்கள், அடிமைகள் மலிவாகக் கிடைக்கிறார்கள், இந்தத் துறைமுகத்தில் அடிமை வியாபாரம் வளர்ந்துவருகிறது, ஆகவே இனிமேல் இந்தக் கரையிலிருந்து அனுப்பப்படும் ஒவ்வொரு அடிமைக்கும் கம்பெனிக்கு ஒரு வராகன் (அன்றைய தங்க நாணயம்) சுங்கம் கட்ட வேண்டும். அவ்வளவுதான் தீர்மானம். சாவடி நீதிமன்றத்தில் அடிமைகளைப் பதிவு செய்யக் கட்டணம் வாங்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. இப்போது தலைக்கு இவ்வளவு என்று சுங்கமும் சேர்ந்தது. துணி மூட்டைக்கும் மிளகுக்கும் சுங்கம் எழுதிய அதே புத்தகத்தில், அதே மையில், இதையும் எழுதினார்கள். பஞ்சத்தைப் பார்த்த ஒரு நிர்வாகம் கஞ்சித்தொட்டி திறப்பதைப் பற்றி யோசிக்காமல் வரி போடுவதைப் பற்றி யோசித்தது என்பதை அந்தத் தீர்மானத்தின் வாசகமே காட்டிவிடுகிறது, நாம் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டின் ஒரே மாதத்தில் மட்டும் குறைந்தது 665 பேர் சென்னையிலிருந்து அடிமைகளாக அனுப்பப்பட்டதாகக் கம்பெனிப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்குக் கிளம்பும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிச்செல்ல வேண்டும் என்ற விதியும் அப்போது இருந்தது. அட்லாண்டிக் கடல் நடுவே இருக்கும் செயின்ட் ஹெலினா போன்ற கம்பெனியின் மற்ற இடங்களில் உழைக்க ஆள் வேண்டியிருந்தது. இவர்கள் எந்த ஊர்க்காரர்கள், எந்த மொழி பேசியவர்கள்? பெரும்பாலும் நம்முடைய செங்கல்பட்டு, வட ஆற்காடு, நெல்லூர்ப் பக்கத்து மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும். வேறு எங்கிருந்து ஒரு பஞ்ச காலத்தில் இத்தனை பேர் நடந்தே சென்னைக்கு வந்திருக்க முடியும்? பெருமைப்படச் சொல்லும்போது இவர்களையும் நினைக்க வேண்டாமா?

சரி, யேலின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் நியாயம். 1688 மே மாதம் அதே சபை, அதே யேல் தலைமையில், சென்னையிலிருந்து அடிமைகளை வாங்குவதையும் அனுப்புவதையும் தடைசெய்தது. இதை வைத்து அவர் அடிமை வியாபாரத்தை ஒழித்தவர் என்றுகூடச் சிலர் எழுதுகிறார்கள். அந்த அளவுக்குப் போக முடியாது. கோல்கொண்டா விழுந்த பிறகு சென்னையைச் சுற்றியிருந்த நாடு முகலாயர் கைக்குப் போய்விட்டது. தங்கள் குடிமக்கள் கடல் கடத்தி விற்கப்படுவதை முகலாய அதிகாரிகள் விரும்பவில்லை, புகார் செய்தார்கள், கோட்டைக்கு அதனால் தொல்லை வந்தது. அந்தத் தொல்லையைத்தான் தடைக்குக் காரணமாகச் சபையும் குறிப்பிட்டது. தடை நல்லதுதான், எந்தக் காரணத்தால் வந்தாலும் பலர் தப்பித்திருப்பார்கள். ஆனால் சுங்கம் போட்டது ஒரு வருஷம், தடை போட்டது அடுத்த வருஷம், இரண்டிலும் தலைமை ஒருவரே என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவருடைய மனசாட்சிக்கு நாம் சான்றிதழ் கொடுக்க முடியாது, செய்ததைச் சொல்லலாம்.

குதிரைக்காரனைத் தூக்கிலிட்ட கதையையும் உங்கள் கட்டுரை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தது. அனுமதி கேட்காமல் குதிரையை எடுத்துக்கொண்டு போனதற்காகத் தன் ஊழியனை யேல் தூக்கில் போட்டார் என்ற அந்தக் கதையைப் பிற்காலத்தில் ஒரு கப்பல் கேப்டன் தன் பயண நூலில் எழுதினார், வரலாற்று ஆய்வாளர்கள் பலர் அதை நம்புவதில்லை. சுவாரசியமான, ஆதாரம் பலவீனமான கதைக்குப் பெட்டி போட்டு இடம் கொடுத்துவிட்டு, சபையே கைப்பட எழுதிவைத்த அடிமைச் சுங்கத்தை விட்டுவிட்டீர்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சென்னை மாநகராட்சி பிறந்ததும் யேல் காலத்தில்தான். 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம் லண்டனிலிருந்து வந்தது, 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். ஆல்டர்மென், அதாவது மாநகராட்சி மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள், பன்னிரண்டு பேர். அதில் ஆங்கிலேயர் மட்டும் இல்லை, யூத வைர வியாபாரிகள் இருந்தார்கள், சின்ன வெங்கடாத்ரி, ஆலங்காத்தா பிள்ளை போன்ற நம் வணிகர்களும் இருந்தார்கள். தங்கசாலைத் தெருவில் இருக்கும் ஏகாம்பரேசுவரர் கோயிலைக் கட்டியவர் இந்த ஆலங்காத்தா பிள்ளைதான் என்பார்கள். சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு இவர்கள் ஊர்வலம் வந்ததை நினைத்துப் பார்க்கவே நன்றாக இருக்கிறது, அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஏன் மாநகராட்சி? அதற்குச் சில வருஷம் முன்னால், வில்லியம் கிஃபோர்டு கவர்னராக இருந்தபோது, கோட்டைக்கு வெளியே நம் மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்து வீடுகளுக்கு வரி விதித்தார்கள். 1686 தொடக்கத்தில் மக்கள் கடையை அடைத்து, வேலைக்குப் போகாமல், கூட்டம் கூட்டமாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சென்னையின் முதல் கடையடைப்புகளில் ஒன்று அது. வீடுகளை விற்றுவிடுவோம், ஊரைவிட்டே துரத்திவிடுவோம் என்று மிரட்டித்தான் கம்பெனி அதை அடக்கியது. லண்டனில் கம்பெனியை ஆட்டிவைத்த ஜோசையா சைல்டு இதிலிருந்து ஒரு பாடம் படித்துக்கொண்டார். உள்ளூர்க்காரர்களே உட்கார்ந்து வரி போட்டால் ஜனங்கள் முணுமுணுக்காமல் கட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. இன்றைக்கு ரிப்பன் மாளிகையில் இயங்கும் அமைப்பின் தொடக்கத்தில் அந்தக் கடையடைப்பும் இருக்கிறது, அதை நடத்திய பெயர் தெரியாத கடைக்காரர்களும் கைவினைஞர்களும் இருக்கிறார்கள். சென்னை தினத்தில் அவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கடலூர் விஷயத்தைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது, என் தாய்வழி ஊர் அந்தப் பக்கம் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்தில், தேவனாம்பட்டினத்தில், மராட்டியர் வசம் ஒரு சிறிய கோட்டை இருந்தது. அப்போது செஞ்சியில் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முகலாயப் படை துரத்திக்கொண்டு வருகிறது, அவருக்குப் பணம் தேவை. பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும்கூட அந்தக் கரையில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். யேல் பேச்சுவார்த்தை நடத்தி 1690ல் கோட்டையை விலைக்கு வாங்கினார். அதற்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். டேவிட் என்பது யேல் குடும்பத்தின் பூர்விகமான வேல்ஸ் நாட்டின் புனிதர் பெயர், யேலின் இறந்துபோன பிள்ளையின் பெயரும் அதுதான்.

கோட்டை மட்டும் விற்பனை ஆகவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள நிலமும் கம்பெனிக்குச் சேரும் என்பது ஒப்பந்தம். அதற்காகவே சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள். கூடவே ஒரு யோசனையும் போனது: பீரங்கியை நன்றாகக் கெட்டித்துச் சுடுவது பீரங்கிக்காரனின் திறமையில் இருக்கிறது, நமக்கு ஆதாயமாக இருக்கும்படி பார்த்துச் சுடுங்கள். அப்படியே நாலு பக்கமும் சுட்டார்கள். கடலூர் ஊரும் சுற்றியிருந்த கிராமங்களும் குண்டு விழுந்த எல்லைக்குள் வந்துவிட்டன. அவற்றை ரொம்ப காலம் குண்டு கிராமங்கள் என்றே சொல்லிவந்தார்கள், கடலூரில் இன்றைக்கும் குண்டு சாலை என்று ஒரு சாலை இருக்கிறது.

நான் சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது வேடிக்கையாகத்தான் சொன்னார்கள், வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டோம். இப்போது யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. காலையில் மராட்டியருக்குக் குடிமக்களாக எழுந்து ஏர் பூட்டப் போனவன் சாயங்காலம் கம்பெனியின் குடிமகன், காரணம் அவன் வயலைத் தாண்டி ஓர் இரும்பு உருண்டை போய் விழுந்தது. அவனை யாரும் கேட்கவில்லை. அந்தக் கோட்டைதான் பின்னாளில், 1746ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, ஆங்கிலேயருக்குப் புகலிடமானது. ராபர்ட் கிளைவ் அதற்குத் துணை கவர்னராக வந்தார். 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்துத் தகர்த்தார். இப்போது தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சனி, ஞாயிறு கூட்டம் அலைமோதுகிறது, பக்கத்தில் இடிபாடுகள் இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. இதற்கெல்லாம் தொடக்கம் யேல் போட்ட அந்த ஒப்பந்தம். அவருடைய வாழ்க்கையில் தமிழ்நாட்டின் வரைபடத்தை நேரடியாக மாற்றிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் பதவி போனது எப்படி என்பதைக் கட்டுரை சரியாகவே சொன்னது. கம்பெனிப் பணத்தையும் பதவியையும் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார், தம்பி தாமஸையும் தன் வியாபாரத்தில் இழுத்துவிட்டார், சபையில் யாரோடும் ஒத்துப்போகவில்லை என்று புகார்கள் லண்டனுக்குப் போயின. 1692ல் அவரை நீக்கிவிட்டு மேயராக இருந்த ஹிக்கின்சனைக் கவர்னராக்கினார்கள். கணக்கு வழக்கு முடியாமல் 1699 வரை அவரால் ஊரைவிட்டுக் கிளம்ப முடியவில்லை. அப்படியும் பெரும் பணக்காரராகத்தான் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் அந்தக் கல்லூரிக் கதை. 1718ல் பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் அவருக்குக் கடிதம் எழுதினார். நியூ ஹேவனில் உருவாகிவரும் கல்லூரிக்கு உங்கள் பெயரை வைத்தால் அது எகிப்தியப் பிரமிடைவிட மேலான நினைவுச்சின்னமாக இருக்கும் என்று ஆசை காட்டினார். யேல் ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கை விற்று 562 பவுண்டு கிடைத்தது. அதற்குத்தான் அந்தப் பெயர். மூட்டைகளில் காலிகோ, மஸ்லின் போன்ற பருத்தித் துணிகளும் இருந்தன. நான் குடியிருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில். கம்பெனி வாங்கிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த பகுதி இது. கிராமங்களில் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, நெய்து வாங்கி, இங்கே வெளுத்து, மடித்து, மூட்டை கட்டித்தான் கப்பலேற்றினார்கள். யேலின் செல்வத்தில் அந்த உழைப்பு இருக்கிறது, வைரம் இருக்கிறது, மற்றதும் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிக்கு நன்கொடை தந்தவர் என்று ஒருவரை எழுதும்போது அந்தப் பணம் எங்கே, யாரிடமிருந்து வந்தது என்று கேட்பதற்குச் சென்னைக்காரர்களுக்கு எல்லோரையும்விட உரிமை அதிகம்.

அந்தப் பல்கலைக்கழகமே இப்போது கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர்களுடைய அருங்காட்சியகத்தில் யேலின் ஓவியம் ஒன்று இருக்கிறது. சுமார் 1719ல் வரைந்தது. நடுவே யேல், சுற்றிலும் மருமகன் வீட்டுப் பிரபுக்கள், மேசையில் ஒயின், பின்னால் புல்வெளியில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். வலது ஓரத்தில் ஆப்பிரிக்கச் சாயலுள்ள சிறுவன் ஒருவன் பணிவிடைக்கு நிற்கிறான். நல்ல உடைதான் போட்டிருக்கிறான். கழுத்தைப் பார்த்தால் உலோகப் பட்டை, அதில் ஒரு பூட்டு. பின்னால் விளையாடும் பிள்ளைகளின் வயதுதான் அவனுக்கும் இருக்கும். நான் இணையத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்தப் பூட்டைப் பார்த்த பிறகு மற்ற முகங்கள் எதுவும் நினைவில் நிற்கவில்லை. 2020ல் அந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி, ஆய்வு செய்து, சிறுவனைப் பற்றிய விளக்கத்தோடு மறுபடி மாட்டினார்கள். 2024 பிப்ரவரியில், அடிமைமுறையோடு தங்களுக்கு இருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அங்கே இப்படி நடந்துகொண்டிருக்கும்போது, ஆட்கள் கப்பலேற்றப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாம் வெறும் பெருமை மட்டும் பேசினால் எப்படி?

கடைசியாக, யேலின் மகனைப் புதைத்த கல்லறை. உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக்கல்லூரி வளாகத்தில் கூம்பு வடிவத்தில் நிற்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது, அடுத்த வாரமே, நவம்பர் 4 அன்று, அங்கே முதல் திருமணம் யேலுக்கும் கேத்தரினுக்கும் நடந்தது. கேத்தரின் ஏற்கெனவே கணவரை இழந்தவர், அந்தக் கணவர் ஜோசப் ஹின்மர்ஸ் யேலின் நண்பர். அவருக்குக் கட்டிய கல்லறையில்தான் 1688 ஜனவரியில் யேலின் நாலு வயது மகன் டேவிட்டையும் புதைத்தார்கள். அது ஊரின் பழைய இடுகாடு. லாலியின் படை 1758-59ல் கோட்டையை முற்றுகையிட்டபோது அங்கிருந்த சமாதிகளை மறைப்பாகப் பயன்படுத்திச் சுட்டது, அதனால் ஆங்கிலேயர்கள் பின்னால் அவற்றை இடித்துவிட்டுக் கல்வெட்டுப் பலகைகளைத் தேவாலய முற்றத்தில் கொண்டுபோய்ப் பதித்தார்கள். ஹின்மர்ஸ் கல்லறையும் பவுனி குடும்பத்துக் கல்லறையும் மட்டும் தப்பித்தன.

வாகனம் நிறுத்த இடம் வேண்டும், கல்லறையை அகற்ற வேண்டும் என்று வழக்குப் போட்டு, 2023ல் தனி நீதிபதி அதை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லித் தொல்லியல் துறைக்கு உத்தரவிட்டதைப் பலரும் படித்திருப்பீர்கள். சட்டம் எனக்குத் தெரியாது, அதற்குள் நான் போகவில்லை. ஒரு சாதாரணக் குடிமகனாக என் கருத்து, அது அங்கேயேதான் இருக்க வேண்டும். அடிமை வியாபாரியின் குடும்பக் கல்லறை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள், அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் கிடப்பது நாலு வயதுப் பிள்ளை, அது எந்தப் பாவமும் செய்யவில்லை. அதோடு, 1680களின் சென்னையிலிருந்து தரைக்கு மேலே நமக்கு மிஞ்சியிருப்பது ரொம்பக் கொஞ்சம். கல்லறையை எடுத்துவிட்டால் யேல் ஒன்றும் வரலாற்றிலிருந்து போய்விட மாட்டார், அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. அந்த இடத்தில் நின்று நம் பிள்ளைகளுக்கு 1687ஐப் பற்றிச் சொல்லும் வாய்ப்புதான் போகும். யேல் தன் மகனை இழந்த அந்த ஜனவரிக்கு முந்தைய மாதங்களில்தான் மற்றவர்களின் பிள்ளைகள் கப்பலேறினார்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, பெயர்கூடக் கிடையாது. ஆகவே கல்லறைக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வைக்கட்டும், அதில் டேவிட்டைப் பற்றியும் இருக்கட்டும், அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் இருக்கட்டும்.

வேல்ஸில் ரெக்ஸம் ஊர் தேவாலயத்தில் 1721ல் யேலைப் புதைத்தார்கள். அவர் கல்லறையில் பாட்டாகவே எழுதியிருக்கிறார்கள்: அமெரிக்காவில் பிறந்தவர், ஐரோப்பாவில் வளர்ந்தவர், ஆப்பிரிக்காவில் பயணித்தவர், ஆசியாவில் மணந்தவர், நிறைய நன்மையும் கொஞ்சம் தீமையும் செய்தார், கணக்கு நேராகிவிட்டது என்று நம்புவோம். இறந்தவர் வீட்டார் அப்படி எழுதிக்கொள்வார்கள், அது அவர்கள் பாசம். கப்பலேற்றப்பட்டவர்களின் வீட்டார் சார்பில் அந்தக் கணக்கைப் பார்க்க யாரும் இருக்கவில்லை. கணக்குப் புத்தகம் மட்டும் இருக்கிறது, அதுவும் நம்மிடமே.

உண்மையில் இந்தக் கடிதத்தை எழுதியதே அதைக் கேட்கத்தான். புனித ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்பு, ஆலோசனைக் குறிப்பேடுகள் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை நூறு வருஷத்துக்கு முன்பே சென்னை அரசு அச்சகம் ஆங்கிலத்தில் தொகுதி தொகுதியாக அச்சிட்டிருக்கிறது. சபை கூடிய தேதி, கையெழுத்திட்டவர் பெயர், சுங்கம், தண்டனை, துணி விலை, பஞ்சம், கடையடைப்பு எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பழைய ஆங்கிலம், விசித்திரமான எழுத்துக்கூட்டல், நம் ஊர்ப் பெயர்களெல்லாம் உருத்தெரியாமல் திரிந்து கிடக்கும், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே திணறுவார்கள். ஆகவே இது ஆராய்ச்சி மாணவர்களைத் தாண்டி வெளியே வருவதில்லை. சென்னையைப் பற்றிய இவ்வளவு நெருக்கமான பதிவு தமிழில் இல்லாததால்தான் நாம் வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதம் அதே நாலு கதைகளைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில் இருப்பதால் புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சு கவர்னர் டுப்ளே காலத்தைத் தெருத் தெருவாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள், சென்னைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

எல்லாத் தொகுதிகளையும் ஒரேயடியாக மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்கவில்லை, அது பெரிய வேலை என்பது தெரியும். 1686லிருந்து 1692 வரை, அதாவது கடையடைப்பிலிருந்து யேல் நீக்கப்பட்டது வரைக்குமான பகுதியை முதலில் எடுக்கலாம். காப்பகமும் தமிழ் வளர்ச்சித் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் இது. ஊர்ப் பெயர், ஆள் பெயர்களை அடையாளம் காணக் கல்வெட்டு அறிஞர்களும், துணி வகைகளை அடையாளம் காண நெசவுத் தொழில் தெரிந்தவர்களும் கூட இருக்க வேண்டும். நெல்லூர்ப் பக்கத்துச் செய்திகளுக்குத் தெலுங்கு தெரிந்தவர்களும் வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்கள் யாராவது மானியக் கோரிக்கை விவாதத்தில் இதை எழுப்பினால் நல்லது.

உங்கள் நாளிதழும் ஒன்று செய்யலாம். அடுத்த ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம். ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு பத்தி, அந்தக் குறிப்பேட்டிலிருந்து ஒரு நாள் பதிவைத் தமிழில் போடுங்கள், விளக்கம்கூட ரொம்ப வேண்டாம். 1687ல் அந்த ஒரு வராகன் தீர்மானத்தோடு தொடங்கினால் சரியாக இருக்கும். மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னால் முடிந்ததைச் செய்து தரத் தயாராக இருக்கிறேன், என்னைப் போல இன்னும் நாலு பேர் நிச்சயம் வருவார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை